கப்பல் ஏறாதவள் சொன்ன யோசனைகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எழுத உட்கார்ந்தது கதை இல்லை. டிராவல்ஸ் வைத்திருக்கும் ஜீவமணி அண்ணாச்சி என்னிடம் கேட்டது ஒரு சின்னப் புத்தகம். பதினாறே பக்கம். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'கப்பலில் போகிறவர்களுக்கு இருபது யோசனைகள்'. சென்னையில் கப்பலேறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவரிடம் டிக்கெட் எடுத்தால் புத்தகம் இலவசமாம்.

"நீதான் போயிட்டு வந்தவனாச்சே, எழுதிக் குடுடே," என்றார். "துட்டு கேக்காத. அதுக்குப் பதிலா ஒரு பெர்த் தாரேன். ரெண்டாங்கிளாஸ், போக வர. திருவிழா முடிஞ்சு போற கப்பல். பேரு எழுதாம வச்சிருக்கேன். யாரு போறான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிரு."

இன்று செவ்வாய். 1979 ஜூலை. மாதா கோயில் கொடியேற்றத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

ஐந்து யோசனைகளைக் கடகடவென்று எழுதிவிட்டேன். ஆறாவதில் கை நின்றுவிட்டது. திரும்பப் படித்துப் பார்த்தால் ஐந்தில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாம் ஒரு பெண் சொன்னவை. அவள் ஒருநாளும் கப்பலேறியதில்லை. அவள் ஏறாமல் போனதற்குக் காரணம்—

(வேண்டாம். இதை இங்கேயே சொன்னால் நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவீர்கள். எனக்கும் அதைச் சொல்ல இன்னும் கொஞ்சம் தைரியம் வர வேண்டும்.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"கடல் அன்றைக்கு அமைதியாக இருந்தது." அடித்துவிட்டேன். தூத்துக்குடிக்காரன் எவன் கதை எழுதினாலும் கடலைத்தான் முதலில் கூப்பிடுகிறான். அதற்கு வேறு வேலை இல்லையா?

"கிளாடிஸின் கண்களில் ஒரு கப்பல்—" சீ. இதை எழுதின கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

"1961-இல், முத்துக்குளித்த வருஷம், கிளாடிஸ் இனிகோவுக்கு வாழ்க்கைப்பட்டாள்." இது தேவலாம். உண்மையும்கூட. அந்த வருஷம் இனிகோவின் அண்ணன்மார் இரண்டு பேரும் முத்துக்குளிக்கிற இடத்தில் கொட்டகை போட்டுச் சிப்பி அள்ளிக்கொண்டிருந்தார்கள். இனிகோ மட்டும் அதற்கு முந்தின வருஷமே 'சோழராணி' என்ற பயணிகள் கப்பலில் ஸ்டூவர்ட்டாகச் சேர்ந்துவிட்டார். ஸ்டூவர்ட் என்றால் பயணிகளின் அறையைப் பெருக்கி, படுக்கை விரித்து, சாப்பாட்டு ஹாலில் பரிமாறுகிறவர். பதினோரு மாதம் கடல், ஒரு மாதம் வீடு.

அந்தக் கம்பெனியில் சலுகைகளுக்குக் குறைவில்லை. அடிக்கடி வரும் பயணிக்கு மூன்றாவது பயணத்தில் ஒரு நீல அட்டை கொடுப்பார்கள். அதைக் காட்டினால் வரிசையில் நிற்காமல் ஏறலாம். ஐந்தாவது பயணத்தில் மேல்தட்டில் அவர் பெயர் எழுதின சாய்வு நாற்காலி. பணியாட்களுக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். பதினைந்து வருஷம் விடாமல் வேலை பார்த்தால், மனைவி அல்லது பிள்ளை, இருவரில் ஒருவருக்கு ஒரு தடவை சிங்கப்பூர் வரை போக வர அறை இலவசம். அதுவும் முழுப் பயணியாக. நான்காம் நாள் விருந்தில் கேப்டன் மேசையில் உட்கார வைத்து, பெயர் சொல்லிக் கைதட்டி, போட்டோ எடுத்து வீட்டுக்கே அனுப்புவார்கள்.

கல்யாணமான மறுவாரமே இனிகோ சொல்லிவிட்டார். "ஏளா, பதினாலு வருசம் பொறுத்துக்க. ஒன்னய கேப்டன் பக்கத்துல ஒக்கார வைக்கேன்."

கிளாடிஸ் அதை நம்பினாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

அதிலிருந்து இனிகோவின் கடிதங்கள் மாறிப்போயின. முதல் இரண்டு வரி சுகம் விசாரிப்பு. மீதியெல்லாம் அவள் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதுதான். "முன்பக்கத்தில் அறை தந்தால் வாங்காதே, அலை அடிக்கும்போது தூக்கிப் போடும். பின்பக்கமும் வேண்டாம், இயந்திரச் சத்தத்தில் பல்லெல்லாம் ஆடும். நடுக்கப்பலில், கீழ்த்தட்டில் கேள்." "சாப்பாட்டுக்கு இரண்டாம் பந்தி என்று சொல்லிவிடு. முதல் பந்தியில் எழுப்பி விரட்டுவார்கள். இரண்டாம் பந்தியில் மிச்சமிருக்கும் புட்டிங் மறுபடி வரும்." "தலை சுற்றினால் படுக்காதே. மேல்தட்டுக்கு வந்து தூரத்தில் கடலும் வானமும் சேரும் இடத்தைப் பார்." "முதல் நாளே ஸ்டூவர்ட்டிடம் உன் பெயரைச் சொல்லி அவன் பெயரைக் கேள். கடைசி நாள் வந்து காசு திணிக்கிறவர்களை நாங்கள் மறந்துவிடுவோம்."

கிளாடிஸ் இதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எண் போட்டு எழுதி வைத்தாள். 1970 வாக்கில் இரண்டாவது நோட்டு வாங்கும்படி ஆயிற்று.

3

(இந்தப் பகுதி வேடிக்கையாக வரும். எழுதும்போது நானே சிரித்தேன். சிரித்துவிட்டு வருத்தப்பட்டேன், அது வேறு.)

நாசரேத்திலிருந்து தேவமணி சாரும் அவர் மனைவி ஜெபசெல்வி டீச்சரும் ஒருநாள் காலை ராயப்பர் தெருவுக்கு விசாரித்துக்கொண்டு வந்தார்கள். மகள் பினாங்கில் பிள்ளை பெற்றிருந்தாள். கப்பல் விஷயம் எதுவானாலும் இனிகோ வீட்டம்மாவைக் கேட்டால் போதும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்குள் கிளாடிஸின் பேர் சாத்தான்குளம் வரைக்கும் பரவியிருந்தது.

வந்தவர்களை உட்காரவைத்து ஆப்பத்தை வைத்துவிட்டு, எல்லோரிடமும் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டாள்.

"கேபினா, டெக்கா?"

"கேபின்தான்," என்றார் சார், திறந்த டெக்கில் பாய் விரித்துப் போகிறவர் தான் இல்லை என்பதுபோல் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து.

"நம்பர் என்ன?"

சார் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். "இருபத்தி மூணு."

"ஐயையோ! அது கப்பல் மூக்குலல்லா இருக்கு! ரெண்டே நாள்ல கொடலு வெளிய வந்துரும் சார். ஏறுனதும் பெட்டியக்கூட எறக்காம நேரா பர்சர் ஆபீசுக்குப் போங்க, கேபின் மாத்திக் குடுக்கது அவருதான். நூத்திப் பத்துலருந்து நூத்தி இருவதுக்குள்ள ஏதாவது காலி இருக்கும். நாகப்பட்டினம் வாரதுக்குள்ள மாத்திருங்க, அங்கன கூட்டம் ஏறிட்டா அப்புறம் கெடைக்காது."

சார் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். முப்பது வருஷம் பிள்ளைகளை எழுத வைத்தவர், அன்றைக்கு அவரே எழுதினார்.

"மகளுக்கு முந்திரி மக்ரூன் ரெண்டு டின்னு வாங்கியிருக்கோம்," என்றார் டீச்சர்.

"இன்னைக்கே திருப்பிக் குடுத்துருங்க டீச்சர். கடக்காத்துக்கு மூணாம் நாளே எளகி ஒட்டிக்கிடும். சில்லுக்கருப்பட்டி கொண்டு போங்க. பெரிய பெட்டி எல்லாத்தையும் அடியில போட்டுருவான், பினாங்கு வாரவரைக்கும் கண்ணுல காட்டமாட்டான். மாத்துச் சேலயும் மருந்தும் கைப்பையில இருக்கணும். கொழாய் ரெண்டு இருக்கும், ஒண்ணுல கடத்தண்ணி வரும், பாத்துத் தெறங்க."

டீச்சருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "நீங்க எத்தன தடவம்மா போயிருக்கீங்க?"

கிளாடிஸ் எழுந்துவிட்டாள். "ஆப்பம் ஆறுது பாருங்க. தேங்காப்பால் கொண்டாரேன்." குசினிக்குள் போனவள் வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

இரண்டு மாதம் கழித்து பினாங்கிலிருந்து ஒரு படம் போட்ட அட்டை வந்தது. நூற்றுப் பன்னிரண்டு கிடைத்ததாகவும், ஒரு தடவைகூட வாந்தி வரவில்லை என்றும் டீச்சர் எழுதியிருந்தார். கிளாடிஸ் அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

4

இனி ஓர் இளைஞன் வர வேண்டும். செபாஸ்டின் என்று பெயர் வைக்கிறேன். இனிகோவின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பனும் இனிகோதான். இனிகோவுக்கும் கிளாடிஸுக்கும் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் ஞானப்பிள்ளைக்கு எவ்வளவு இடம் என்று எங்கள் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குசினிக்குள் நேராகப் போய்ச் சட்டியைத் திறப்பான். மீன் துண்டில் நல்ல துண்டு அவனுக்கு. பி.காம். முடித்து இரண்டு வருஷமாக வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் மத்தியானம் அவன் வீட்டுக்கு வந்தபோது கீழே யாரும் இல்லை. மாடிக்கு ஏறினான். மொட்டைமாடியில் கிளாடிஸ் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டு, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"என்ன சித்தி, டிரில் டீச்சர் வேல கெடச்சிருச்சா?"

"போல, போக்கத்தவனே," என்றாள். முகம் சிவந்துவிட்டது. "கப்பல் தட்ட காலைல கழுவி விடுவானாம்லா. செருப்பு வழுக்குமாம். சித்தப்பா எழுதியிருக்காவ. அதான் பழகிக்கிடுதேன்."

அவன் சிரிப்பை அடக்கினான்.

"சிரிக்கணும்னா சிரி. ஆனா யாருட்டயும் சொல்லிராத, என்ன?"

அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவன் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். இந்த செபாஸ்டின் எனக்கு ஒட்டவே இல்லை. அவன் வாயில் வைக்கும் பேச்செல்லாம் நல்லபிள்ளைப் பேச்சாக வருகிறது. அவனுக்கு ஒரு நோயாளித் தாயைக் கொடுத்துப் பார்த்தேன், வாசகர்கள் இரங்கட்டும் என்று. அடுத்த தாளில் அவனுக்கு ஒரு தங்கச்சியைக் கொடுத்து, அவள் கல்யாணம் நின்றுபோவதாகவும் எழுதினேன். ஒவ்வொரு சமாதானமாகச் சேர்க்கச் சேர்க்க அவன் செய்தது சரிதான் என்று ஆகிக்கொண்டு வந்தது. அது சரியில்லை. மூன்று தாளையும் கிழித்துப் போட்டேன்.

பிறகு செபாஸ்டின் என்ற பெயரை அடித்துவிட்டு, அதற்கு மேலே பாஸ்கல் என்று எழுதினேன்.

பாஸ்கல் என் பெயர். என் அம்மாவுக்கு ஒரு நோயும் கிடையாது, எனக்குத் தங்கச்சியும் கிடையாது. 'போயிட்டு வந்தவன்' என்று ஜீவமணி அண்ணாச்சி சொன்னாரே, நான் போனது கிளாடிஸ் சித்தியின் டிக்கெட்டில்.

5

அது எப்படி என் கைக்கு வந்தது என்பதற்கு ஊரில் இரண்டு கதை உண்டு. சித்தப்பாவே மனமிரங்கிக் கொடுத்தார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். என் அம்மா பிளாரன்ஸ் போய் அழுது வாங்கினாள் என்று தெருவில் சொல்வார்கள். இரண்டையும் நான் மறுத்ததில்லை. இரண்டிலும் நான் வாயே திறக்காத பிள்ளையாக இருக்கிறேன், அது எனக்கு வசதி.

நடந்தது இதுதான். 1975 பிப்ரவரியில் சித்தப்பா விடுமுறையில் வந்திருந்தார். பதினைந்து வருஷம் நிறைந்து, இலவசப் பாஸுக்காகக் கம்பெனி கொடுத்த விண்ணப்பப் பாரம் அவர் கையில் இருந்தது. அதே வாரம் எனக்குப் பினாங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் குமாஸ்தா வேலை இருக்கிறது, நேரில் வந்தால் பார்க்கலாம் என்று. டிக்கெட்டுக்கு வழியில்லை. கடற்கரைச் சாலையில் பழைய பாலத்துப் பக்கம் அவரைப் பிடித்தேன்.

"சித்தப்பா, அந்தப் பதினஞ்சு வருசப் பாசு..."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அது ஒன் சித்திக்குள்ளதுல்லாடே."

"சித்தி அடுத்த வருசம் போவட்டும்."

"அடுத்த வருசம்லாம் கெடையாது. ஒரு தடவதான் தருவான்."

அத்தோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. "அப்ப எனக்குன்னு யாரு சித்தப்பா இருக்கா?" என்றேன். "என்னயக் கையில ஏந்தி நின்னது நீங்கதான?"

எங்கள் ஊரில் ஞானப்பிள்ளை இப்படிக் கேட்டுவிட்டால் ஞானத்தகப்பன் மாட்டேன் என்று சொல்ல முடியாது. பீடத்துக்கு முன்னால் நின்று 'இந்தப் பிள்ளைக்கு நான்' என்று ஏற்றுக்கொண்டவர். இல்லை என்று சொன்னால் அந்த வார்த்தையே பொய்யாகிவிடும் என்று நினைக்கிற மனுஷன். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

(இந்த வரியை எழுதி முடிக்க அரை நாள் ஆயிற்று.)

அவர் ஒரு சிமெண்டுக் கட்டையில் பாரத்தை விரித்து வைத்து நிரப்பினார். 'மனைவி / பிள்ளை' என்று இருந்த இடத்தில் கொஞ்சநேரம் பேனா நின்றது. பிறகு 'மகன்' என்று எழுதி என் பெயரைப் போட்டார். "சித்திட்ட நான் சொல்லிக்கிடுதேன்," என்றார்.

அவர் சொன்னது வேறு. கம்பெனி இந்த வருஷம் யாருக்கும் பாஸ் கொடுக்கவில்லை என்றார். இங்கே புதுத் துறைமுகம் திறந்தாகிவிட்டது, அடுத்த வருஷம் சோழராணி இங்கேயே வரும், மெட்ராஸ் போகாமல் இங்கனயே ஏறிக்கொள்ளலாம் என்றார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார், பாவம்.

"பதினாலு வருசம் இருந்தாச்சு. இன்னும் ஒரு வருசம்தான," என்றாளாம் சித்தி.

புறப்படும் நாள் காலையில் அவளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். போகாமலும் இருந்திருக்கலாம். ஆனால் கப்பலேறுகிறவன் எவனும் அவளைப் பார்க்காமல் போவதில்லை. நான் போகவில்லை என்றால் சந்தேகம் வரும். அதற்காகத்தான் போனேன்.

அவள் கேட்டாள்: "கேபினா, டெக்கால?"

"டெக்குதான் சித்தி."

"சரி, போவட்டும். டெக்குலயும் சொகமாப் போவலாம், வழியிருக்கு. சீக்கிரம் ஏறி, பொகக்கூண்டுக்குப் பின்னால சுவர் ஓரமாப் பாய விரிச்சிரு. மழையும் அடிக்காது, குளிரும் தெரியாது. வெறுவயித்தோட மட்டும் கெடக்காத." உள்ளே போய் ஒரு பிஸ்கோத்து டின்னை எடுத்துவந்தாள். சுக்குப் பொடி, உப்பில் ஊறின நாரத்தங்காய், உலர்ந்த ரொட்டித் துண்டுகள், ஒவ்வொன்றும் தனித்தனிப் பொட்டலமாக. "எனக்குன்னு கட்டி வச்சது. நீ கொண்டு போ. நான் அடுத்த வருசம் புதுசா செஞ்சுக்கிடுதேன்."

வாங்கிக்கொண்டேன்.

6

நூற்றுப் பதினான்கு. நடுக்கப்பல், கீழ்த்தட்டு. ஆட்டமே தெரியாது.

முதல் நாள் கதவைத் தட்டிவிட்டு இனிகோ சித்தப்பா வந்து நின்றார். வெள்ளை உடுப்பு, கையில் துண்டு. "ஏதாவது வேணுமா சார்?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நடையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்து படுக்கையைத் தட்டிப் போட்டு, ஜன்னலோரம் ஒரு டம்ளரில் காகிதப்பூ வைத்தார். அந்தப் பூ மெட்ராசில் வாங்கியது. யாருக்காக வாங்கியது என்று நான் கேட்கவில்லை.

நான்காம் நாள் விருந்து. கேப்டன் எழுந்து இங்கிலீஷில் பேசினார். பதினைந்து வருஷம் இந்தக் கப்பலுக்கு விசுவாசமாக உழைத்தவர் நம் இனிகோ, இன்று அவர் மகன் நம்மோடு இருக்கிறார் என்றார். ஹால் முழுக்கக் கைதட்டியது. நான் எழுந்து நின்று தலையைக் குனிந்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் தட்டோடு நின்றவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. பணியாள் பயணிகள் மேசையில் உட்காரக் கூடாது என்பது விதி. பளிச்சென்று போட்டோ எடுத்தார்கள்.

இங்கே நான் வெட்கத்தால் குறுகிப்போனதாக எழுதலாம். முதல் பிரதியில் அப்படித்தான் எழுதியிருந்தேன். பொய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. புட்டிங் இரண்டாவது தடவை வந்தபோது மறுபடி வாங்கித் தின்றேன். அந்தப் பதினெட்டு நாளில் ஒருநாள்கூட எனக்குத் தூக்கம் கெடவில்லை.

பினாங்கில் வேலை கிடைக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுமதி தருவதை நிறுத்திவிட்டார்களாம், பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். அதே கப்பலில், அதே அறையில் திரும்பி வந்தேன். கிளாடிஸ் சித்தியின் பதினாலு வருஷத்தை நான் அந்தப் பத்து நிமிஷத்துக்காகச் செலவழித்தேன்.

7

போட்டோவை வீட்டுக்கே அனுப்புவார்கள் என்று இரண்டாம் பகுதியில் எழுதியிருக்கிறேன். நீங்கள் கவனித்திருப்பீர்கள். நானும் சித்தப்பாவும் மறந்துவிட்டோம்.

நான் ஊர் திரும்பி மூன்று வாரம் இருக்கும். வழக்கம்போல நேராகக் குசினிக்குள் போனேன். சித்தி மேசைமேல் ஒரு பெரிய அட்டை உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. போட்டோவுக்குக் கீழே அச்சடித்திருந்த இங்கிலீஷை ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டு வாசித்தாள். ஸ்டூவர்ட் இனிகோவும் மகனும், கேப்டனுடன்.

அவள் தலையைத் தூக்கவில்லை.

"கேபின் நம்பர் என்னல?"

"நூத்திப் பதினாலு சித்தி."

"நடுக்கப்பல்லா."

"ஆமா."

"ஆட்டம் இருந்துச்சா?"

"இல்ல சித்தி."

"ரெண்டாம் பந்தியில சாப்ட்டியா?"

"ஆமா."

"புட்டிங்கு திருப்பி வந்துச்சா?"

"வந்துச்சு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப அவிய எழுதுனதெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காவ," என்றாள். பிறகு எழுந்து போய் அடுப்பைத் தணித்தாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால், அந்தக் கரண்டியால் ஒரு அடி வைத்திருந்தால், இந்தக் கதையே எழுதியிருக்க மாட்டேன். எது அவளைக் குத்தியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கப்பல் போனதா, நான் சொன்ன 'டெக்கு' என்ற பொய்யா, அல்லது பிள்ளையில்லாத அவள் பார்க்கும்படி அச்சில் வந்த 'மகன்' என்ற அந்த ஒரு வார்த்தையா? ஒருவேளை அந்த வார்த்தை மட்டும் அவளுக்குப் பிடித்துக்கூட இருந்திருக்கலாம். கேட்டால்தானே தெரியும். நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் வேம்பாரிலிருந்து ஒரு குடும்பம் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. "ராயப்பர் தெரு அம்மாட்ட போனோம். எங்கிட்ட என்ன இருக்கு, போயிட்டு வந்தவன்ட்ட கேளுங்கன்னு ஒங்களக் காட்டிவிட்டாவ. கேபின் எதுல எடுக்கணும் தம்பி?" என்றார்கள்.

நடுவில் எடுக்கச் சொன்னேன். மக்ரூன் வேண்டாம், சில்லுக்கருப்பட்டி கொண்டுபோங்கள் என்றேன்.

நாலு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. கப்பலேறுகிற எல்லோரையும் அவள் என்னிடம் அனுப்பிவிடுகிறாள். எல்லோருக்கும் அவளுடைய யோசனைகளை நான் என் வாயால் சொல்கிறேன். சோழராணியை 1977-இல் உடைக்க விற்றுவிட்டார்கள். புதுத் துறைமுகத்துக்கு நிலக்கரியும் உப்பும் வருகின்றன, பயணிகள் கப்பல் வரவில்லை. சித்தப்பா அங்கே ஒரு கேண்டீனில் ஸ்டோர் கீப்பர். சித்தி அவருக்கு வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், கோயிலுக்குச் சேர்ந்து போகிறார்கள். அவர் கப்பல் பேச்சை எடுத்தால் மட்டும் குசினிக்குள் போய்விடுகிறாளாம்.

"அவ ஏசிப்புட்டான்னாகூட நல்லாருக்கும்டே," என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். அதற்குமேல் நாங்கள் இருவரும் அதைப் பேசியதில்லை.

8

இந்தக் கதையை ஏழோடு முடித்திருப்பேன். நேற்று ஜீவமணி அண்ணாச்சி வேறு பேச்சுக்கு நடுவில் ஒன்று சொன்னார்.

"ஒங்க சித்தி வந்திருந்தாங்களே, பிப்ரவரியில. பாஸ்போர்ட்ட புதுப்பிச்சுக் குடுக்கச் சொல்லி. எங்கம்மா போறீங்கன்னு கேட்டேன். எங்கயும் இல்ல, சும்மா கெடக்கட்டும்னாங்க."

சும்மா கிடப்பதற்கு யாராவது பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பார்களா?

இன்று வியாழன். அண்ணாச்சி நேற்றே கையில் கொடுத்துவிட்ட டிக்கெட் என் மேசைமேல் இருக்கிறது. பெயர் எழுதும் இடம் காலி. சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. டிக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சித்தி கண்கலங்கி வாங்கிக்கொள்கிறாள். கப்பலின் மேல்தட்டில் வெள்ளை ஷூ போட்டு நடக்கிறாள். (எனக்கு அழுகை வந்தது. எழுதினவனுக்கே அழுகை வரும் முடிவை நம்பக் கூடாது.)

இரண்டு. சித்தி டிக்கெட்டைத் திருப்பி நீட்டி, "நீதான் போயிட்டு வந்தவன், நீயே போ," என்கிறாள். (இது நடக்கலாம். இதற்குப் பயந்துதான் இரண்டு நாளாக ராயப்பர் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறேன்.)

மூன்று. அண்ணாச்சியிடம் சொல்லி, ஏதோ குலுக்கலில் அவளுக்குப் பரிசு விழுந்ததாகக் கொடுக்கச் சொல்கிறேன். என் பெயரே வராது. அவளும் போய்வருவாள், நானும் முகம் காட்ட வேண்டாம். மூன்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அதனாலேயே இது வேண்டாம். மறுபடியும் அவளிடம் கப்பலைப் பற்றி ஒரு பொய், அதுவும் என்னால்.

நான்கு. அன்றைக்கு அவள்—

இல்லை. நான்காவது வரவில்லை.

9

ஆகவே முடிவை உங்களிடம் கொடுக்கிறேன். போகிறவர்களுக்குச் சில யோசனைகள் மட்டும் சொல்கிறேன். யோசனை சொல்வதுதான் எனக்கு வருகிறது.

ராயப்பர் தெருவில் கிழக்கேயிருந்து மூன்றாவது வீடு, பச்சைக் கதவு. காலையில் பத்து மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன்னால் பூசைக்குப் போயிருப்பாள். மக்ரூன் வாங்கிக்கொண்டு போகலாம், அவளுக்குப் பிடிக்கும், கரையில் இளகாது. உட்காரச் சொல்லி ஆப்பம் வைப்பாள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். போன உடனேயே யார் அனுப்பினார்கள் என்று என் பெயரைச் சொல்லிவிடுங்கள். கடைசியில் சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், நான் அப்படிச் செய்துதான் கெட்டேன். எத்தனை தடவை கப்பலில் போயிருக்கிறீர்கள் என்று மட்டும் அவளைக் கேட்டுவிடாதீர்கள். பேனா கொண்டுபோங்கள், பெயரை அவளே எழுதட்டும்.

டிக்கெட்டை நீட்டினால் உடனே வாங்கமாட்டாள். புரட்டிப் பார்ப்பாள். பழக்கம் விடாது, கேட்டுவிடுவாள்: "கேபினா, டெக்கா?"

"கேபின் சித்தி, ஒங்க கேபின்" என்று சொல்லுங்கள். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.

நீங்கள் போகமாட்டீர்கள். படிக்கிறவர்கள் யாரும் எழுந்து அடுத்தவர் வீட்டுக்குப் போவதில்லை, எனக்குத் தெரியாதா. அப்படியானால் இந்தத் தாளையெல்லாம் மடித்து வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, நான்தான்—

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அண்ணாச்சி கடையைச் சாத்திவிடுவார்.